பச்சைக் கதவின் அம்புக்குறி

புதுச் சீருடையில் போகும் பிள்ளையைத் தெருவில் எவரும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். சட்டையின் தோள் முழங்கைப் பக்கம் இறங்கியிருக்கும். பை நடக்க நடக்க முழங்காலில் இடிக்கும். கேட்டால், "வளர்ற பிள்ளை. அடுத்த வருஷமும் போடணுமில்ல?" என்று அம்மாக்கள் சொல்வார்கள்.

சுண்டுவின் அம்மாவும் அதையேதான் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், அதற்கடுத்த வருஷத்தையும் சேர்த்து யோசித்துத் தைத்திருந்தாள். அதனால் உயர்நிலைப் பள்ளியின் முதல் நாள் காலையில், ஆறாம் வகுப்புக்குக் கிளம்பிய சுண்டுவின் சட்டைக்குள் இன்னொரு சுண்டு தாராளமாகக் குடியிருக்கலாம்.

பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாளாம். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர் அது. பதினொரு வயதாகியும் அந்தப் பெயருக்குத் துரோகம் செய்யாமல் குட்டையாகவே இருந்தாள். வாய் மட்டும் குட்டை இல்லை.

"சீக்கிரம் வாங்கப்பா," என்றாள், முன்னால் ஓடிக்கொண்டே.

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய பெயின்ட் பெட்டி கட்டியிருந்தது. "மெதுவாப் போ. பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிடாது."

"அம்புக்குறியைப் பார்க்கணும்பா."

"நீ பார்க்காத அம்புக்குறியா? பெயின்ட் டப்பாவைப் பிடிச்சிட்டு நின்னதே நீதானே."

"அன்னிக்கு அங்க யாருமே இல்லையே. இன்னிக்குத்தானே எல்லாரும் பார்ப்பாங்க."

அப்பா பெயர்ப் பலகை எழுதுகிறவர். அந்த ஊரில் பாதிக் கடைகளின் நெற்றியில் இருப்பது அவர் எழுத்துத்தான். ரொட்டிக் கடைப் பலகையில் அவர் எழுதினால் எழுத்துகள் புசுபுசுவென்று உப்பியிருக்கும். பூட்டுக் கடைப் பலகையில் எழுதினால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். கை நடுங்காமல் ஊன்றிக்கொள்ள ஒரு நீளக் குச்சி, சாக்பீஸில் லேசாக ஒரு கோடு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. அவர் 'ழ' எழுதி முடிக்கும்வரை சுண்டுவும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். உலகத்திலேயே தன் அப்பாவைவிட அழகாக 'ழ' எழுதுகிறவர் கிடையாது என்பது அவள் முடிவு. உலகத்தை அவள் முழுக்கப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

விடுமுறையில் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை அப்பாவைக் கூப்பிட்டு, வகுப்பறை வாசல்களுக்கு மேலே வகுப்பின் பெயரை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அப்பா கிளம்பவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"டீச்சர், ஆறாம் வகுப்புக்குப் போற வழியில அம்புக்குறியும் போட்டுடறேனே. என் ஆசைக்கு."

அந்த ஆசைக்கு ஒரு கதை உண்டு. அப்பா படித்ததும் இதே பள்ளியில்தான். முதல் நாள், ஆறாம் வகுப்பு எங்கே என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். கணக்கு வாத்தியார் கரும்பலகைக்குக் கூப்பிட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

"அன்னிக்கு அந்த வகுப்பே சிரிச்சுது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு," என்று அப்பா சொல்வார். "இந்த வருஷம் ஒரு பிள்ளைகூட வழி தவறக் கூடாது."

அம்புகள் பள்ளி வாசலில் தொடங்கி முன்கூடம்வரை வரிசையாகப் போயின. கடைசி அம்புதான் முக்கியமானது. முன்கூடத்துக்குள் நுழைந்தால் எதிரே ஒரு பெரிய பச்சை இரட்டைக் கதவு. அதற்குப் பின்னால் நீளமான நடை. ஆறாம் வகுப்புக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. கதவுக்கு முன்னாலேயே இடப்பக்கம் திரும்பிப் படியேற வேண்டும்.

கதவை ஒட்டிய சுவருக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். அப்பா தொட்டுப் பார்த்தார். விரலில் ஈரம் ஒட்டியது.

"இதுல பெயின்ட் நிக்காதே," என்று யோசித்தார்.

"கதவுல போடுங்கப்பா. எவ்வளவு வழவழன்னு இருக்கு," என்றாள் சுண்டு.

அப்பா கதவைத் தடவிப் பார்த்தார். பூனை முதுகு மாதிரி இருந்தது. மூடியிருந்த அந்தக் கதவின் வலப்பக்கப் பாதியில், 'ஆறாம் வகுப்பு' என்று பளிச்சென்று வெள்ளையில் எழுதி, படிக்கட்டைக் காட்டி இடப்பக்கமாக ஓர் அம்பும் போட்டார். தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல தொலையணும்னு நினைச்சாலும் தொலைய முடியாது," என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சுண்டுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பள்ளி வாசலில் அப்பா சைக்கிளை நிறுத்தினார்.

"சாயங்காலம் இங்கேயே நிப்பேன். எத்தனை பேர் தொலைஞ்சாங்கன்னு சொல்லு."

"ஒருத்தர்கூட இல்லைன்னு இப்பவே சொல்லிடறேனே."

அப்பா சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போனார்.

வாசலுக்கு உள்ளே ஒரு பையன் பையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு நின்றான். பெரிய மூக்குக்கண்ணாடி. அதற்குப் பின்னால் கண்கள் திருதிருவென்று விழித்தன. பெரிய பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நீயும் ஆறாம் வகுப்பா?" என்று கேட்டாள் சுண்டு.

"ஆமா. ரெண்டாவது மணி அடிக்கிறப்ப வகுப்புல இல்லைன்னா வெளியில நிக்க வெப்பாங்களாம். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னான். எனக்கு எந்தப் பக்கம் போகணும்னே தெரியல."

"இதுக்கா முழிக்கிறே? அதோ பாரு அம்புக்குறி. அதைப் பிடிச்சிட்டே போனா நேரா வகுப்புதான். எங்கப்பா போட்டது."

"நிஜமாவா?" கண்ணாடிப் பையன் அம்பைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "ரொம்ப நல்லா இருக்கு."

அதற்குப் பிறகு சுண்டுவுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

இருவரும் முன்கூடத்துக்கு வந்தபோது மூலையில் முதல் மணி அடித்தது. அடித்தது ஒரு பத்தாம் வகுப்பு அக்கா. நெடுநெடுவென்று உயரம். மணியின் கயிற்றை ஒரே கையால் இழுத்தாள். பள்ளிக்கூடம் முழுக்க அதிர்ந்தது. அவள் முகத்தில் மட்டும் எந்த அலட்டலும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே ஓட வைக்கிற கயிறு கையில் இருந்தும் இவ்வளவு சாதாரணமாக நிற்க முடியுமா என்று சுண்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவளுக்கு மனசுக்குள் 'மணியக்கா' என்று பெயரும் வைத்தாள்.

வேடிக்கை முடிந்து திரும்பியபோது கண்ணாடிப் பையனைக் காணவில்லை. போயிருப்பான், அம்புதான் இருக்கிறதே என்று நினைத்தபடி இவள் விறுவிறுவென்று படியேறினாள். எந்த அம்பையும் பார்க்கவில்லை. சொந்த வீட்டுச் சமையலறைக்கு யாராவது வழி பார்த்துக்கொண்டா போவார்கள்?

ஆறாம் வகுப்பு அறை காலியாக இருந்தது.

முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையை எடுத்து வைத்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். கரும்பலகையும் அவளைப் பார்த்தது. ஒருவரும் வரவில்லை. கண்ணாடிப் பையன்கூட வரவில்லை. கீழேயிருந்து மட்டும் ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது.

சுண்டு படியிறங்கி ஓடினாள். முன்கூடத்தில் நின்று பச்சைக் கதவைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

கதவு திறந்திருந்தது. இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி, நடையின் சுவரோடு சேர்த்துக் கொக்கி மாட்டியிருந்தார்கள். வலப்பக்கக் கதவில் அப்பாவின் எழுத்து பளிச்சென்று இருந்தது. அம்பும் இருந்தது. ஆனால் கதவு திரும்பியபோது அம்பும் கூடவே திரும்பிவிட்டது. மூடியிருந்தபோது இடப்பக்கம் படிக்கட்டைக் காட்டிய அம்பு, இப்போது நேரே நடைக்குள் காட்டியது. விடுமுறை முழுக்க அந்தக் கதவு மூடியே இருந்தது. அது திறக்கும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

புதுச் சீருடைப் பிள்ளைகள் அம்பைப் பார்த்துப் பார்த்து, சமர்த்தாக, நடைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். நடையின் கோடியில் இருந்தது பத்தாம் வகுப்பு. வாசலுக்கு மேலே பெயர் எழுதித்தான் இருந்தது. ஓடுகிறவர்கள் அண்ணாந்தா பார்ப்பார்கள்?

சுண்டு அங்கே போய் எட்டிப் பார்த்தாள். பத்தாம் வகுப்பின் உயரமான பெஞ்சுகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் கால் தரையில் எட்டவில்லை. பெஞ்சுக்குச் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அம்புக்குறி போட்டிருக்கே அண்ணா," என்றான் ஒரு பொடியன்.

"நான் முதல்லயே இடம் பிடிச்சிட்டேன். எழுந்திருக்க மாட்டேன்," என்றாள் ஒரு சிறுமி. சொல்லும்போதே அவள் உதடு துடித்தது.

மீசை அரும்பிய ஓர் அண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்த அம்பைப் போட்டவர் தலைகீழா நின்னு போட்டிருப்பார்போல," என்றான். மறுபடியும் சிரிப்பு.

அப்பாவின் காதில் இன்னும் இருக்கிற சிரிப்பு இதுதான் என்று சுண்டுவுக்குப் புரிந்தது. ஒரு பிள்ளைகூட வழி தவறக் கூடாது என்றுதான் அவர் அம்பு போட்டார். அவர் போட்ட அம்பே ஒரு கூட்டத்தை வழி தவற வைத்துவிட்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பெஞ்சின் ஓரத்தில் இருந்த கண்ணாடிப் பையன் அவளைப் பார்த்துவிட்டான். இங்கே அவளை அறிந்தவன் அவன் ஒருவன்தான். 'இவங்கப்பாதான் போட்டார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

சுண்டுவுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. அப்பாவின் எழுத்து நன்றாக இருந்தபோது வாசலில் நின்று பெருமை அடித்துக்கொண்டாள். இப்போது மட்டும் அது யாரோ எழுதியதா?

"அதைப் போட்டது எங்கப்பா," என்றாள் சத்தமாக. "நேரா நின்னுதான் போட்டார். கதவுதான் திரும்பிடுச்சு. ஆறாம் வகுப்பெல்லாம் எழுந்திருங்க. நம்ம வகுப்பு மாடியில இருக்கு."

இவ்வளவு சின்ன உருவத்திலிருந்து இவ்வளவு பெரிய குரலை அந்த மீசை அண்ணன் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. பிள்ளைகள் பெஞ்சிலிருந்து பொத்துப் பொத்தென்று குதித்தார்கள்.

குதித்தவர்கள் நடைக்கு வந்தால், எதிரே இன்னும் புதுப் பிள்ளைகள் அம்பைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நடுவில் முட்டிக்கொண்டார்கள். பை பையில் மாட்டிக்கொண்டது. யாருடைய தண்ணீர்ப் புட்டியோ உருண்டது. அந்த நெரிசலில் சுண்டுவின் ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. அதை யார் பார்த்தார்கள்?

கதவை மூடிவிடலாம் என்றால் கொக்கி அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எட்டினாலும் பத்தாம் வகுப்பு எப்படிப் போகும்?

"கண்ணாடி," என்று கூப்பிட்டாள். பெயர் கேட்க நேரமில்லை. "நீ இவங்களைக் கூட்டிட்டு மாடிக்குப் போ. படியேறினதும் முதல் அறை."

"நானா?" என்றான் அவன். வழி தெரியாமல் வாசலில் நின்றவன் அவன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பிறகு, "எல்லாரும் என் பின்னாடி வாங்க," என்று முன்னால் நடந்தான். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் எல்லாரும் போனார்கள்.

சுண்டு பச்சைக் கதவுக்கு முன்னால், வருகிறவர்களைப் பார்த்தபடி வந்து நின்றாள். வலது கையைப் படிக்கட்டுப் பக்கம் நேராக நீட்டினாள். "ஆறாம் வகுப்பு இந்தப் பக்கம். அம்பைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க."

வந்தவர்கள் அவள் கை காட்டிய பக்கம் திரும்பிப் படியேறினார்கள். இன்னும் பலர் வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அப்போது மணியக்கா நடையிலிருந்து மணியை நோக்கி வருவதைச் சுண்டு பார்த்தாள்.

"அக்கா, எங்க வகுப்புல பாதிப் பேர் இன்னும் மேல போகல. ரெண்டாவது மணியைக் கொஞ்சம் தள்ளி அடிக்க முடியுமா?"

மணியக்கா நின்றாள். கதவைப் பார்த்தாள், அம்பைப் பார்த்தாள், நீட்டிய கையைப் பார்த்தாள்.

"மணியைத் தள்ளி அடிக்க எனக்கு அதிகாரம் இல்லையே," என்றாள்.

சுண்டுவின் முகம் சுருங்கியது. ஆனால் கையை இறக்கவில்லை.

"ஆனா, மெதுவா நடக்கக் கூடாதுன்னு எங்கிட்ட யாரும் சொன்னதில்ல."

அதன்பிறகு மணியக்கா நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. ஓர் அடி வைத்தாள். குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். கட்டினாள். இன்னோர் அடி வைத்தாள். மற்றொரு ஷூவின் கயிறும் ஞாபகத்துக்கு வந்தது. முகத்தில் மட்டும் எப்போதும்போல எந்த அலட்டலும் இல்லை. சுண்டுவுக்கு அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. கை வேலையாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

கடைசிப் பிள்ளை படியில் மறைந்த பிறகுதான் மணியக்காவின் கை கயிற்றுக்குப் போனது. இரண்டாவது மணி அடித்தது. முன்கூடம் காலியானது.

தலைமையாசிரியை வருவதை அவருடைய செருப்புச் சத்தம் முன்னாலேயே வந்து சொல்லிவிடும். இப்போதும் சொன்னது. சுண்டு நகரவில்லை. யாராவது ஒருவர் மிச்சம் இருந்துவிட்டால்?

"ரெண்டாவது மணி அடிச்சாச்சு. நீ எந்த வகுப்பு?"

"ஆறாம் வகுப்பு டீச்சர்."

"அப்போ இங்க என்ன பண்றே?"

"அம்புக்குறியா நிக்கிறேன் டீச்சர்."

வயிற்றுவலி, சைக்கிள் பஞ்சர், காணாமல் போன காலுறை என்று தலைமையாசிரியை கேட்காத சாக்குக் கிடையாது. இது புதிது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுண்டுவைப் பார்த்தார்.

சுண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அப்பா சுவர்லதான் போடப் போனார். கதவுல போடச் சொன்னது நான்தான் டீச்சர். நீங்க வேணும்னா மூடிப் பாருங்க. அம்பு சரியா இருக்கும்," என்றாள்.

தலைமையாசிரியை கொக்கியைக் கழற்றிக் கதவை மூடினார். அம்பு படிக்கட்டைக் காட்டியது. திறந்தார். நடையைக் காட்டியது. மறுபடி மூடினார். படிக்கட்டு. மறுபடி திறந்தார். நடை. அதற்கு மேலும் அவர் மூடித் திறந்தபோது, சோதித்துப் பார்ப்பதுபோல் சுண்டுவுக்குத் தோன்றவில்லை. விளையாடுவதுபோல்தான் தோன்றியது.

"தினமும் காலையில இந்தக் கதவைத் திறக்கச் சொல்றவளே நான்தான்," என்றார் அவர் மெதுவாக. "நின்னு பார்த்து, ரொம்ப நல்லா இருக்குன்னு பாராட்டினவளும் நான்தான். எனக்கும்தான் தோணல." பிறகு, "சரி, உங்கப்பாவை வரச் சொல்லி நான் பேசறேன்," என்றார்.

"வேண்டாம் டீச்சர். நானே சொல்றேன். நான் சொன்னா அவருக்குக் கொஞ்சம் கம்மியா வலிக்கும்."

தலைமையாசிரியை கதவைத் திரும்பக் கொக்கியில் மாட்டினார். "உங்க வகுப்புல யாராவது வெளியில நிக்க வேண்டி வந்துதா?"

"நான் மட்டும்தான் டீச்சர்."

"நீ அம்புக்குறி. கணக்குல வராது. மேல ஓடு."

மேலே, முன் பெஞ்சில் சுண்டு விட்டுப்போன பைக்குப் பக்கத்தில் ஒரு கை அகல இடத்தைக் கண்ணாடிப் பையன் முழங்கையால் காவல் காத்துக்கொண்டிருந்தான். "நாலு பேர் கேட்டாங்க. தரல," என்றான்.

அன்று பாடம் நன்றாகத்தான் நடந்தது. சுண்டுவின் மனம்தான் சாயங்காலத்திலேயே போய் உட்கார்ந்திருந்தது.

சொன்னபடியே அப்பா வாசலில் நின்றார். மதியமே தலையைப் படிய வாரிக்கொண்டு வந்துவிட்டவர்போல இருந்தார்.

"என்ன, எத்தனை பேர் தொலைஞ்சாங்க?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்.

ஒருத்தர்கூட இல்லை என்று சொல்லிவிடலாம். முழுப் பொய்யும் இல்லை. இரண்டாவது மணிக்குள் எல்லாரும்தான் வந்து சேர்ந்துவிட்டார்களே. ஆனால், எழுதும்போது ஒரு கோடு கோணலாகிவிட்டால், வேறு யார் கண்ணுக்கும் தெரியாவிட்டாலும், துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிறவர் அப்பா. அவரிடம் போய்க் கோணலை மறைப்பதா?

"அப்பா, அந்தப் பச்சைக் கதவு திறக்கும்பா," என்றாள்.

"திறக்கட்டுமே. கதவுன்னா..." என்று ஆரம்பித்த அப்பா பாதியில் நிறுத்தினார். ஒரு கையைக் கதவுபோல எதிரே வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினார். விரல் நுனி எங்கே போய் நின்றது என்று பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

சுண்டு மீதியைச் சொன்னாள். பத்தாம் வகுப்பையும் சொன்னாள், சிரிப்பையும் சொன்னாள். அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கதவுல போடச் சொன்னது நான்தானேப்பா."

"சொன்னது நீ. போட்டது நான். நல்லா இருக்குன்னு சொன்னது அந்த டீச்சர். மூணு பேர்ல ஒருத்தராவது கதவைத் தள்ளிப் பார்த்திருக்கலாம்." அவர் உதட்டோரம் லேசாக இழுத்தது. "நான் படிக்கிறப்ப நான் ஒருத்தன்தான் தொலைஞ்சேன். இப்போ ஒரு வகுப்பையே தொலைச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்துச் சுண்டுவுக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. தன் தப்பைப் பார்த்துத் தானே இப்படிச் சிரிக்க எத்தனை பேரால் முடியும்? 'ழ' எழுதுவதைவிட அது கஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அதுசரி, எல்லாரும் எப்படித்தான் வந்து சேர்ந்தாங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார் அப்பா.

"இப்படித்தான்." சுண்டு நிமிர்ந்து நின்று வலது கையை நீட்டினாள்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. அவர் இரண்டடி பின்னால் போனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்து நிமிர்த்திப் பிடித்து அவளைப் பார்த்தார். புதுப் பலகையில் எழுத ஆரம்பிக்கும் முன் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"ரிப்பன் அவிழ்ந்திருக்குப்பா. கட்டிக்கறேன்."

"கட்டாதே. அப்படியே நில்லு."

நன்றாகப் பார்த்து முடித்ததும் பெயின்ட் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போ. எனக்கு அந்த டீச்சரைப் பார்க்கணும். நான் கொஞ்சம் லேட்டா வருவேன்னு அம்மாகிட்ட சொல்லு."

இருட்டுகிற நேரத்தில்தான் வீடு வந்தார். "என்னப்பா பண்ணீங்க?" என்று சுண்டு துளைத்தெடுத்தாள். "அம்பை அழிச்சேன்," என்றதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை சுண்டு முன்கூடத்துக்கு வந்தபோது அங்கே ஒரு கூட்டம் நின்றது. பச்சைக் கதவில் எதுவும் இல்லை. ஈரம் காய்ந்துவிட்ட வெள்ளைச் சுவரில், கதவுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, ஒரு சின்னப் பெண் நின்றாள். தோள் இறங்கிய சட்டை. ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கும் ரிப்பன். நிமிர்ந்த தலை. நேராக நீட்டிய கை படிக்கட்டைக் காட்டியது. அந்தக் கைக்குக் கீழே 'ஆறாம் வகுப்பு' என்ற எழுத்துகள்.

மணியக்கா கயிற்றைப் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை அண்ணன் பக்கத்தில் போய்ப் பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான். பிறகு சுண்டுவின் பக்கம் திரும்பினான்.

"உங்கப்பாவா?"

"ஆமா."

"இவ்வளவு தத்ரூபமா எப்படிப் போடறார்?" என்றான் அவன். அந்தக் குரலில் கேலி துளிகூட இல்லை.

"நேரா நின்னுதான்," என்றாள் சுண்டு.

அன்று காலை வாசல்வரை கூட வந்த அப்பா சொன்னது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. "போடறதுக்கு முன்னாடி சுவரை நல்லாத் தள்ளிப் பார்த்துட்டேன். திறக்கல," என்று சொல்லிவிட்டுத்தான் அவர் சைக்கிளில் ஏறினார்.

முதல் நாள் வராத ஒரு புதுப் பிள்ளை பையை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். யாரையும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தாள். இடப்பக்கம் திரும்பினாள். மேலே ஏறிப் போய்விட்டாள்.

"சுண்டு, ரிப்பன்," என்றான் கண்ணாடிப் பையன். ஓடிவந்ததில் அன்றைக்கும் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. அவள் நின்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சுவரில் இருந்தவள் கட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.